சம்பளம் 42,000, ஆசை ஆகாயத்துல: கிளைடர் ஓட்ட உண்மையில எவ்வளவு ஆகும்?



"ஆசைக்குன்னு தனி பட்ஜெட்" வீடியோ போட்டதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல முக்கால்வாசி பைக், கேமரா, லடாக் ட்ரிப் பத்தினது. ஒண்ணே ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தது. சிவகாசிப் பக்கத்துத் தம்பி, வேலை கோயம்புத்தூர்ல, கையில வர்ற சம்பளம் 42,000. "அண்ணா, கிளைடர் ஓட்டக் கத்துக்கணும்னு ஆசை. மாசம் 5,000 எடுத்து வெச்சா முடியுமா? ராஜபாளையத்துல மலை இருக்கு, நம்ம பக்கம் காலி நிலம் கிடக்கு, வெயிலுக்கும் குறைவில்லை. ஏன் நம்ம ஊர்ல ஒரு கிளைடர் மைதானம் இல்லை?"

கேள்வி சின்னதா தெரியும். ஆனா நிலம், லீவு, இன்சூரன்ஸ், குடும்பம்னு எல்லாமே இதுக்குள்ள வருது. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். காபி எடுத்துட்டு வந்துடுங்க.

முதல்ல கிளைடர்னா என்னன்னு பாத்துடலாம். இன்ஜின் இல்லாத விமானம். இறக்கை நீளமா, ஒல்லியா இருக்கும். மேல ஏத்துறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, சின்ன விமானம் ஒண்ணு கயிறு கட்டி இழுத்துட்டுப் போய் உயரத்துல விட்டுட்டு வரும். இன்னொண்ணு வின்ச். மைதானத்தோட ஒரு கோடியில பெரிய இன்ஜினும் உருளையும் இருக்கும், மறு கோடியில கிளைடர். நடுவுல சுமார் 1 கிலோமீட்டர் கயிறு. உருளை கயிறை வேகமா சுத்தும், கிளைடர் விர்ருன்னு ஏறும். சின்ன வயசுல பட்டம் விடும்போது நூலைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவோமே, அதே வேலைதான். 300, 400 மீட்டர் உயரம் போனதும் கயிறைக் கழட்டி விட்டுடுவாங்க.

அதுக்கப்புறம் எல்லாமே காத்தோட கையில. மேல தூக்குற காத்து கிடைக்கலேன்னா 5, 6 நிமிஷத்துல தரை இறங்கிடணும். கிடைச்சா மணிக்கணக்கா பறக்கலாம். மத்தியான வெயில்ல பருந்து இறக்கையே அசைக்காம வட்டம் போட்டுக்கிட்டே மேல போறதைப் பார்த்திருப்பீங்க. சூடான தரையில இருந்து கிளம்புற காத்துத் தூண் அது. கிளைடர் பைலட்டும் அந்தத் தூணைத் தேடித்தான் சுத்துறார். மலை இருந்தா இன்னொரு வசதி: காத்து மலைச்சரிவுல மோதி மேல ஏறும், அந்த ஏறு காத்துலயே மலையை ஒட்டிப் போயிட்டே இருக்கலாம். உலகத்துல பல நல்ல கிளைடர் மைதானங்கள் மலையடிவாரத்துல இருக்க இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு கணக்கும் சொல்லிடுறேன். ப்ளானிக் மாதிரியான பயிற்சி கிளைடர், 1 கிலோமீட்டர் உயரத்துல இருந்து கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர் தூரம் வழுக்கிக்கிட்டே வரும். அசையாத காத்துல சிவகாசிக்கு மேல 1 கிலோமீட்டர் உயரத்துல விட்டா, நேர்கோட்டுல விருதுநகரைத் தொட்டுடலாம். பெட்ரோல் செலவு பூஜ்யம்! இதைக் கேட்டதும்தான் "அட, செலவே இல்லையே"ன்னு ஆசை வரும். செலவு வேற இடத்துல ஒளிஞ்சிருக்கு.

புனேல ஒரு மைதானம்

இந்தியாவுல இந்தக் கேள்விக்கு நேரடியாப் பொருந்துற இடம் புனே ஹடப்சர்ல இருக்கிற கிளைடிங் சென்டர். 1950-ல தொடங்கினது. நடத்தினது தனியார் கிளப் இல்லை, விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ. அரசே நடத்தினதால ஒரு சவாரிக்கான கட்டணம் பல வருஷம் சில நூறு ரூபாய்லயே இருந்தது. ஊட்டியில குடும்பத்தோட படகு சவாரி போற காசுக்கு ஒரு விமான அனுபவம்!

ஆனா அந்த விலையை வெச்சு இந்த ஹாபி மலிவுன்னு முடிவு பண்ணிடாதீங்க. அது சந்தை விலை இல்லை. மைதானம் 200 ஏக்கருக்கு மேல. தொடங்கின காலத்துல ஊருக்கு வெளியே இருந்தது, இன்னைக்கு சுத்தி ஐ.டி. பார்க், அடுக்குமாடி வீடுகள். அந்த நிலத்துக்கு வாடகை, வட்டி எதையும் டிக்கெட்ல சேர்க்கலை. வின்ச், பயிற்சியாளர் சம்பளம், வருஷாந்திர பரிசோதனைன்னு பெரிய செலவையெல்லாம் அரசு சுமந்தது. நீங்க கொடுத்தது கிட்டத்தட்ட கயிறு இழுக்குற டீசல் காசு மட்டும்தான்.

இப்ப நம்ம பக்கம் ஒண்ணு ஆரம்பிச்சா என்ன ஆகும்னு ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுவோம். நான் எடுத்துக்கிற விலைகள் கற்பனைதான், உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க. வின்ச் ஓட்ட 1 கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம் வேணும்னு வெச்சாலே கிட்டத்தட்ட 25 ஏக்கர். ஏக்கர் 10 லட்சம்னா 2.5 கோடி. இந்தக் காசை 7% வட்டிக்கு பேங்க்ல போட்டிருந்தா வருஷத்துக்கு 17.5 லட்சம் வந்திருக்கும். 50 பேர் சேர்ந்த கிளப்புன்னா ஆளுக்கு வருஷம் 35,000, மாசம் சுமார் 2,900. கவனிங்க, இன்னும் கிளைடர் வாங்கலை, வின்ச் வாங்கலை, வாட்ச்மேன் கூட போடலை. உங்க 5,000-ல பாதிக்கு மேல வெறும் தரைக்கே போயிடுச்சு.

அதனாலதான் உலகம் முழுக்க கிளைடர் கிளப்புகள் பழைய விமான ஓடுதளம், புல்வெளி, குத்தகை நிலம்னு தேடிப் போறாங்க. நம்ம பக்கத்துலயும் அப்படி இடங்கள் உண்டு. கயத்தாறுல இரண்டாம் உலகப் போர் காலத்து விமானத் தளம் இருந்தது. கோவில்பட்டி பக்கத்துல இருக்கிற ஓடுதளத்துல விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர டிட்கோ முயற்சி எடுத்துச்சு. கயத்தாறு பக்கம் பஸ்ல போனா இப்ப என்ன தெரியுது? வரிசையா காத்தாலைகள். செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற அதே காத்துக்கு, கிளைடரை விட நல்லா காசு கொடுக்குற கஸ்டமர் கிடைச்சாச்சு. மின்சாரம் வாடகை கட்டும், பொழுதுபோக்கு கட்டாது. தவிர, காத்தாலைக் காட்டுக்குள்ள கிளைடர் இறக்குறது நினைச்சே பார்க்க முடியாத விஷயம்.

சரி, ராஜபாளையம் மலை? அங்கேயும் ஒரு சிக்கல். தென்மேற்குப் பருவக்காத்து கேரளாப் பக்கம் மோதி மேல ஏறி, நம்ம பக்கம் இறங்கி வருது. ஏறு காத்து அவங்களுக்கு, இறங்கு காத்து நமக்கு. மழைக்கும் அதே கதைதான்! இறங்கு காத்துல மலையை ஒட்டிப் பறக்கிறது ஆபத்து. வடகிழக்குக் காத்து அடிக்கிற மாசங்கள்ல நம்ம பக்கச் சரிவு வேலை செய்யலாம். ஆனா அந்த மலை 2021-ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். அனுமதி லேசுல கிடைக்கிற இடம் இல்லை. நம்ம ஊருக்கு உண்மையில இருக்கிற சொத்து கரிசல் காட்டு வெயில்தான். தீக்குச்சியையும் சரத்தையும் காய வெக்கிற அந்த வறண்ட வெயில், கிளைடரையும் தூக்கும். கீழே அவசரமா இறங்க இடம் தேடும்போது, எந்தப் பொட்டல் பட்டாசு ஆலைக்காக விட்ட இடம்னு பார்த்து இறங்கணும். அது தனிக் கதை.

டிக்கெட் சின்னது, லீவு பெருசு

ஆக, கத்துக்கணும்னா இப்போதைக்கு வெளியூர்தான். இங்கதான் பல பேர் கணக்குல ஓட்டை விழும். தனியா ஓட்டுற நிலைக்கு வர பலருக்கு 50, 60 தடவையாவது பயிற்சியாளரோட பறக்க வேண்டியிருக்கும். ஒரு தடவைக்கு 600 ரூபாய்னு பேச்சுக்கு வெச்சா 60 தடவைக்கு 36,000. மாசம் 5,000 சேர்த்தா எட்டாவது மாசம் கையில இருக்கும். சுலபமா தெரியுதா?

இப்ப நாள் கணக்கு. ஒரு நாளைக்கு 4 தடவை பறந்தா பெரிய விஷயம். உங்களுக்கு முன்னாடி க்யூ இருக்கும், காத்து மாறும், மேகம் வரும், கயிறு அறுந்தா ரிப்பேர் பார்க்கணும். 60 தடவைக்கு 15 பறக்கும் நாள். தடவைக்கு 3 நாள்னு பிரிச்சுப் போனா 5 பயணம். நாகர்கோவில் – மும்பை எக்ஸ்பிரஸ்ல புனே போகவே ஒரு நாளுக்கு மேல. போக வர, பறக்கன்னு சேர்த்தா, சனி ஞாயிறைக் கழிச்சும் ஒவ்வொரு பயணத்துக்கும் 4 நாள் லீவு போகும். மொத்தம் 20 நாள். சம்பளம் 42,000-ன்னா ஒரு நாள் 1,400, அப்ப 28,000 ரூபாய் லீவாவே கரையுது. அதுக்கு மேல ரயில், ரூம், சாப்பாடு. 36,000 ரூபாய் ஹாபி சத்தமில்லாம ஒரு லட்சத்தை எட்டிப் பார்க்கும். எனக்குக் கேட்டா, ஒரே தடவையா மூணு வாரம் போய் உக்காந்து கத்துக்கிறதுதான் புத்திசாலித்தனம். வேலை மாறும்போது நடுவுல கிடைக்கிற இடைவெளி அதுக்கு சரியா இருக்கும்.

வெளிநாட்டுல இந்த நேரச் செலவையே காசா மாத்துறாங்க. ஜெர்மனியில முதல் உலகப் போருக்கு அப்புறம் வெர்சாய் ஒப்பந்தம் இன்ஜின் விமானங்களுக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு. பசங்க இன்ஜின் இல்லாத விமானத்தைத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போனாங்க. 1920-ல வாஸர்குப்பே மலையில முதல் போட்டி நடந்தது. அங்கே வேர் விட்ட கிளப் பழக்கம் இன்னைக்கும் ஓடுது: உறுப்பினர்களே வின்ச் ஓட்டணும், கிளைடரைத் தள்ளணும், குளிர்காலத்துல பட்டறையில உக்காந்து ரிப்பேர் பார்க்கணும். பல கிளப்புல இத்தனை மணி நேரம் வேலைன்னு கணக்கே உண்டு, குறைஞ்சா காசு கட்டணும். ஸ்கூல் பசங்களால கூட அங்க இந்த ஹாபியைத் தாங்க முடியுது. பிரிட்டன்ல 14 வயசுலயே தனியா கிளைடர் ஓட்டலாம்.

"அப்ப நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய கிளைடர் இறக்குமதி பண்ணிடலாமே"ன்னு கேட்பீங்க. பண்ணலாம். 2022 ஜூன்ல வந்த தேசிய விமான விளையாட்டுக் கொள்கையில கிளைடிங்கும் இருக்கு. உபகரணங்களுக்கு இறக்குமதி வரிச் சலுகை, ஜி.எஸ்.டி. குறைப்பு பத்தியெல்லாம் அதுல பேசியிருக்காங்க. கொள்கையில பேசினது வேற, பில்லுல குறையிறது வேற. கஸ்டம்ஸ் ஏஜெண்ட் கிட்ட எழுத்துல விலை வாங்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

அதை விடப் பெரிய ரிஸ்க் ஒண்ணு. 2010 ஜூன்ல ஆஸ்திரியாவுல ஒரு எல்-13 ப்ளானிக் கிளைடரோட இறக்கை வானத்துலயே முறிஞ்சு விழுந்தது. காரணம் உலோகச் சோர்வு. உடனே உலகம் முழுக்க அந்த மாடலை பறக்க விடாம நிறுத்தினாங்க. பல கிளப்புகளுக்கு அதுதான் ஒரே பயிற்சி கிளைடர். நேத்து வரைக்கும் லட்சக்கணக்குல மதிப்புள்ள சொத்து, ஒரே உத்தரவுல ஷெட்ல தூங்குற இரும்பாயிடுச்சு. தப்பு அந்த கிளப்புகள் மேல இல்லை. ஆனா கடன் வாங்கி வாங்கியிருந்தா, இ.எம்.ஐ. மட்டும் பறந்துக்கிட்டே இருந்திருக்கும். ஹாபிக்கு பெர்சனல் லோன் வேணவே வேணாம்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிறது இதுக்குத்தான்.

இன்சூரன்ஸ்: இந்தப் பகுதியை ரெண்டு தடவை படிங்க

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஆபத்துன்னா என்னன்னு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். மருந்து கலக்குற ஷெட்ல இத்தனை பேருக்கு மேல இருக்கக் கூடாது, ஒரு ஷெட்டுக்கும் அடுத்ததுக்கும் இவ்வளவு இடைவெளி வேணும்னு கேட்டே வளர்ந்தவங்க. 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டியில நடந்ததை மறந்த வீடு இந்தப் பக்கம் இருக்காது. விபத்துக்கு அப்புறம் ஒரு குடும்பம் காகிதத்தைத் தூக்கிக்கிட்டு எத்தனை வாசல் ஏறணும்னும் பார்த்திருக்கோம். அதனால கிளைடர் ஏறுறதுக்கு முன்னாடி உங்க கையில இருக்கிற மூணு காகிதத்தை எடுத்து வெச்சுப் பாருங்க.

மெடிக்கல் பாலிசி கொஞ்சம் நல்ல செய்தி. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவா வகுத்த விலக்குகள்ல 09-ம் எண் சாகச விளையாட்டு பத்தினது. அதை நிதானமாப் படிச்சா, "தொழில்முறையா" ஈடுபட்டு வர்ற காயத்துக்கான சிகிச்சைன்னுதான் இருக்கும். நீங்க சம்பளத்துக்குப் பறக்கலை, ஆசைக்குப் பறக்குறீங்க. அந்த ஒரு வார்த்தை உங்க பக்கம் நிக்குது. (அந்தப் பட்டியல்ல ஹேங் கிளைடிங்கை "ஹேண்ட் கிளைடிங்"னு அச்சடிச்சிருப்பாங்க. பாலிசி புத்தகத்தை இவ்வளவு கவனமாத்தான் படிக்கிறாங்க போல!) இருந்தாலும் உங்க பாலிசியில கூடுதலா ஏதாவது விலக்கு சேர்த்திருக்காங்களான்னு பாருங்க.

பர்சனல் ஆக்ஸிடென்ட் பாலிசி அப்படி இல்லை. வழக்கமான வாசகம் இப்படிப் போகும்: உரிமம் பெற்ற, நிலையான வகை விமானத்துல பயணியா போனா சரி, மத்தபடி எந்த வகையில விமானத்துல ஏறினாலும் இறங்கினாலும் கவர் கிடையாது. கன்ட்ரோலைப் பிடிச்சுக் கத்துக்கிற மாணவர் "பயணி" ஆவாரா? க்ளெய்ம் டேபிள்ல அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவர் நிச்சயமா இல்லைன்னுதான் சொல்வார். ஆபீஸ்ல இலவசமா கொடுக்குற குரூப் ஆக்ஸிடென்ட் கவர்லயும் இந்த வாசகம் இருக்கான்னு எச்.ஆர். கிட்ட பாலிசி காப்பி கேட்டு வாங்கிப் பாருங்க. வாய் வார்த்தையா "எல்லாம் கவர் ஆகும் பா"ன்னு சொன்னா ஏத்துக்காதீங்க.

மூணாவது டேர்ம் இன்சூரன்ஸ். விண்ணப்பத்துல விமானம் ஓட்டுறது, மலையேற்றம், டைவிங் மாதிரி பழக்கம் உண்டான்னு ஒரு கேள்வி வரும். ஏஜெண்ட் பெரும்பாலும் உங்களைக் கேக்காமலே "இல்லை" போட்டுட்டுப் போயிடுவார். பறக்கிற திட்டம் இருந்தா "ஆமா" போடுங்க. பிரீமியம் கூடலாம், கூடுதல் கேள்வித்தாள் வரலாம், பரவாயில்லை. இன்சூரன்ஸ் சட்டம் 45-ம் பிரிவுப்படி பாலிசி தொடங்கி 3 வருஷம் முடிஞ்சா அதை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாதுதான். ஆனா அந்த முதல் 3 வருஷத்துல மறைச்சது வெளிய வந்தா பணத்துக்கு அலையப் போறது நீங்க இல்லை, உங்க அம்மா அப்பா. ஏற்கனவே பாலிசி இருந்து, இப்பதான் ஆசை வந்திருக்குன்னா, கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கி வெச்சுக்கோங்க.

ஒரு பொறி இன்னும் இருக்கு. 1 கோடி டேர்ம், கூடவே 1 கோடி விபத்து ரைடர். வீட்டுல எல்லாரும் 2 கோடின்னு மனசுல வெச்சிருப்பாங்க. ரைடரோட விலக்குப் பட்டியல்லயும் பெரும்பாலும் அந்த விமான வாசகம் வரும். கிளைடர்ல அசம்பாவிதம்னா அடிப்படை 1 கோடி மட்டும்தான்னு நினைச்சே கடனையும் தங்கச்சி படிப்பையும் கணக்குப் போடணும். அது பத்தலேன்னா அடிப்படை கவரைக் கூட்டுங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அந்த மிச்சத்தை இதுக்கே திருப்பி விடலாம்.

தம்பிக்கு என் பதில்

மாசம் 5,000-ஐ 10 வருஷம் எஸ்.ஐ.பி.-ல போட்டு 10% வளர்ச்சி வந்தா சுமார் 10 லட்சம் ஆகும். "இந்தப் பத்து லட்சத்தைப் பறந்தே அழிக்கப் போறியா"ன்னு வீட்டுல கேட்பாங்க. எனக்கு அந்தக் கேள்வியில முழு உடன்பாடு இல்லை. ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி இருக்கு, டேர்ம் இருக்கு, எஸ்.ஐ.பி. தனியா ஓடுது, அதுக்கு மேல மிஞ்சுற 5,000-ன்னா அது உங்க காசு. அவசர நிதியே இல்லாம, கிரெடிட் கார்டு பாக்கியும் இருந்தா, இன்னும் ஒரு வருஷம் பருந்தைக் கீழ இருந்தே பாருங்க.

ஆரம்பத்துலயே கோர்ஸ் காசு கட்ட வேண்டாம். முதல்ல ஒரே ஒரு தடவை பயணியா ஏறிப் பாருங்க. வட்டமடிக்கும்போது பாதிப் பேருக்கு வயித்தைக் கலக்கும், அதுலயே ஆசை தீர்ந்துடலாம், லட்ச ரூபாய் மிச்சம். வானத்துல காத்தோட போற அனுபவம் மட்டும் போதும்னா, கேரளாவுல வாகமன் பாராகிளைடிங் ஒரு வார இறுதியில முடிஞ்சுடும், லீவே வேண்டாம். ஆனா அங்கேயும் பைலட்டோட உரிமம், கூட வர்றவருக்கு இன்சூரன்ஸ் உண்டான்னு கேட்டுட்டு பெல்ட் போடுங்க. கேட்டா கோவிச்சுக்கிற ஆபரேட்டர் கிட்ட ஏறாதீங்க.

கிளைடர்தான் வேணும்னா புனே. பறப்பு எல்லா மாசமும் நடக்குறது இல்லை, மழைக்காலம், பராமரிப்பு, நிர்வாகக் காரணம்னு நிக்கும். போன் பண்ணி, இப்ப நடக்குதா, வெளியாட்களை ஏத்துறாங்களா, இப்போதைய கட்டணம் என்னன்னு கேட்டு உறுதி பண்ணிக்கிட்டு, அதுக்கப்புறம் ரயில் டிக்கெட் போடுங்க. விருதுநகர்ல ஏறுறவங்க லீவு லெட்டர்ல ரெண்டு நாள் கூடவே எழுதிக்கோங்க, காத்து உங்க ஆபீஸ் காலண்டரைப் பார்த்து வீசப் போறதில்லை.